குடும்பத்தில் எத்தனை பேர்?

தாம்பரம் வட்டாரத்துக்கே சமூகவியலைக் கொண்டுவந்தவள் நான்தான். எனக்கு முன்னால் இந்தப் பக்கத்தில் ஒருவருக்கும் குடும்பம் என்றால் என்ன, குற்றம் என்றால் என்ன என்று தெரியாது. சரி, சரி, கொஞ்சம் கூடத்தான் சொல்லிவிட்டேன். உண்மையில் நான் செய்ததெல்லாம், குரோம்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நடந்த வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டது. அந்தக் காலத்து எம்.ஏ.வுக்கு இந்த வயதில் கிடைத்த உத்தியோகம் அதுதான்.

குழந்தை மித்ரா. அவளுடைய அம்மா நிஷா, இரும்புலியூரில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறவள். கோவளம் பக்கத்து மீனவக் குப்பத்துப் பெண். அம்மா முத்தாலம்மாள் இன்றைக்கும் மீன் விற்கிறாள். நிஷாவுக்கு ஜவுளிக்கடையில் புடவை பிரித்துப் போடுகிற வேலை. பன்னிரண்டாவது தேறினால் கவுண்டரில் உட்கார்ந்து பில் போடலாம் என்று முதலாளி சொன்னாராம். பத்தாவதோடு விட்ட படிப்பைத் திறந்தநிலைப் பள்ளியில் தொடரக் கிளம்பிவிட்டாள்.

"கணக்கு வராது, சயின்ஸ் வராது. இந்த சமூகவியல்ல இன்னா கீது பாட்டிம்மா?" என்று கேட்டாள்.

"நீயும் நானும் நம்ம அக்கம்பக்கமும்தான் இருக்கோம்."

"அப்ப பாஸ் பண்ணிடுவேன்."

குடும்பம் என்ற பாடம் வரைக்கும் குஷியாகத்தான் போயிற்று. வேதாசலம் சார் கூட்டுக் குடும்பம் என்று ஆரம்பித்தால் நிஷா முன்பெஞ்சில் தன் மாமியார் வீட்டையே ஒப்பிப்பாள். வகுப்பே சிரிக்கும். அதற்கடுத்த பாடம் குற்றம். "ஒருத்தன் மேல ஊர் ஒரு தடவை முத்திரை குத்திட்டா போதும், அப்புறம் அவன் சும்மா நின்னாலும் சந்தேகமாத்தான் பார்க்கும்" என்றார் சார். நிஷாவின் பேனா நின்றுவிட்டது. தலை குனிந்துகொண்டே போயிற்று. குழந்தை என் மடியில் அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிறது. நான் எழுந்து, "சார், குழந்தை அழுது. அம்மாவைக் கொஞ்சம் வெளியே அனுப்புங்க" என்றேன். அவள் வெளியே வந்து, தூங்குகிற குழந்தையை வாங்கிக்கொண்டு, தான் அழுதாள்.

திரும்பி வரும்போது மின்சார ரயிலில்தான் சொன்னாள். அவளுக்கு ஒரே தம்பி, விக்கி. விடலை வயதில் சிநேகிதனோடு சேர்ந்து யாருடைய பைக்கையோ திருடி, ஜெயிலுக்குப் போய் வந்தவன். நிஷாவின் வளைகாப்புக்கு வந்திருக்கிறான். பந்தி போடுகிற நேரத்தில் அவள் கணவனுடைய அத்தையின் பிரேஸ்லெட்டைக் காணோம். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் விக்கியின் சட்டைப்பையைப் பார்த்திருக்கிறார்கள். பிரேஸ்லெட் வாஷ்பேசின் ஓரத்தில் கிடைத்தது. அதற்குள் விக்கி சாப்பிடாமலே போய்விட்டான். காசிமேட்டில் விசைப்படகில் வேலை செய்கிறான். அக்கா வீட்டுப் பக்கம் வருவதில்லை. குழந்தையைக்கூடப் பார்த்ததில்லை.

"அவங்கல்லாம் பார்த்தத வுடு பாட்டிம்மா. நானும் பாக்கெட்டத்தான் பார்த்தேன். நான் பார்த்தத அவன் பார்த்துட்டான்."

குழந்தைக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவது. ஒன்பதாம் மாதமே குத்தியிருக்க வேண்டியது; தம்பி வரட்டும் என்று நிஷா தள்ளிப்போட்டாள். பதினோராம் மாதத்துக்கு மாமியார் வீட்டார் நாள் குறித்துவிட்டார்கள். முத்தாலம்மாளும் மீன்கூடையோடு வந்து மாடிப்படியில் உட்கார்ந்து மகளைப் பிடித்துக்கொண்டாள்.

"பெரிம்மா புள்ள சிட்டிபாபு கீறான் இல்ல? அவனும் மாமன்தான். மடின்னா எல்லாம் ஒரே மடிதானேடி!"

"அப்ப சங்கராவும் வஞ்சிரமும் ஒண்ணுன்னு வித்துட்டு வா, பார்க்கலாம்" என்றாள் நிஷா. முத்தாலம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வாரம்தான் வேதாசலம் சார், உறவினர் ஒருவரைப் பேட்டி கண்டு எழுதி வாருங்கள் என்று செய்முறைப் பாடம் கொடுத்தார். நிஷா என் சமையலறையில் உட்கார்ந்து தம்பிக்குப் போன் போட்டாள். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள். வைக்காவிட்டாலும் கேட்டிருப்பேன்.

"படிப்புக்குடா. நான் கேள்வி கேப்பேன், நீ பதில் மட்டும் சொல்லு."

"இன்னாக்கா, ஸ்டேஷன்ல கேக்கற மாதிரி ஆரம்பிக்கிற?"

"உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர்?"

"அப்பா, அம்மா, நீ, மாமா, பாப்பா. அஞ்சு."

"திரும்ப எண்ணு."

"அஞ்சுதான்கா."

"ஒழுங்கா எண்ணுடா, எருமை!"

அந்தப் பக்கம் படகு எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. நிஷா மூக்கைத் துடைத்துக்கொண்டு, சார் சொல்லித்தராத கேள்வி ஒன்றைக் கேட்டாள்.

"தாய்மாமனின் கடமைகள் யாவை?"

"கம்மல் வாங்கிட்டேன்கா. தங்கம்தான். பில்லு பத்திரமா கீது. யார் கேட்டாலும் காட்டலாம்."

"பில்லு வாணாம்டா," என்றாள் நிஷா. "நீ வா."

"பார்க்கலாம்கா."

காது குத்து எங்கள் தெரு ஜி.எஸ்.டி. ரோட்டில் சேருகிற முனையில் இருக்கிற அம்மன் கோயிலில். ஆசாரி ஊசியைத் துடைத்து வைத்துவிட்டார். சிட்டிபாபு, எதற்கும் இருக்கட்டும் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தயாராக நின்றான். நிஷா மணையில் குழந்தையோடு உட்கார்ந்து வாசலையே பார்த்தாள். அப்போதுதான் ஜி.எஸ்.டி. ரோடு அப்படியே நின்றது. பஸ் நின்றது, ஷேர் ஆட்டோ நின்றது, மீனம்பாக்கத்தில் இறங்க வேண்டிய விமானமே பொழிச்சலூருக்கு மேலே கொஞ்சம் தயங்கியது. பட்டு வேட்டி, முன்னால் மேளம், நடுவில் விக்கி! பிரேஸ்லெட் அத்தை தானே எழுந்துபோய், "அன்னிக்குத் தப்பா நினைச்சுட்டோம்பா" என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தாள். அவன் மணையில் உட்கார்ந்தான். மித்ரா அவன் மடியில் உட்கார்ந்தாள். இரண்டு காதிலும் ஊசி இறங்கியது. குழந்தை அழவே இல்லை, மாமன்தான் அழுதான்.

இதுவரை எழுதியதை, மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நிஷாவிடம் வாசித்துக் காட்டினேன். மித்ரா அவள் இடுப்பில் இருந்தாள். விமானம் தயங்கிய இடத்தில் நிஷா சிரித்தாள். அத்தை கையைப் பிடித்த இடத்தில், பிழிந்த துணியையே மறுபடி பிழிந்தாள். வாசித்து முடித்ததும் சொன்னாள்:

"ஜி.எஸ்.டி. ரோடு நின்னத வேணா வெச்சுக்கோ பாட்டிம்மா, அது தெனம் நிக்குது. ஆனா விக்கி உள்ள வரல. எதிர்ல பஸ் ஸ்டாப்புலயே நின்னுகினு, ஒரு ஆட்டோக்காரர் கையில கம்மலையும் பில்லையும் குடுத்தனுப்பிட்டு போய்ட்டான். நான் பாப்பாவத் தூக்கிகினு மணைய வுட்டு எழுந்துட்டேன். மூணு வயசுல குத்திக்கலாம், அதுக்குள்ள வந்துடுவான். இங்க பாரு," என்று குழந்தையின் முடியை ஒதுக்கி என் பக்கம் திருப்பினாள். "காது இன்னும் குத்தல."