தும்புக் கயிற்றில் ஏறிய கொடி

என் மனுசன் கால் முறிந்து வீட்டோடு கிடந்த வருடத்தில்தான் எங்கள் முன்னறைக்கு மணி பிளான்ட் வந்தது. வள்ளம் தள்ளும்போது வழுக்கி விழுந்தவர். எலும்பு பொருந்திய பிறகும் ஊன்றி நிற்கப் பயந்தார். பேசாலையில் பிறந்து, கடலைத் தவிர வேறெதையும் திரும்பிப் பார்க்காத மனிதர், கதிரையில் இருந்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரையிலிருந்து ஆட்கள் பார்க்க வந்தால், தான் நித்திரை என்று சொல்லச் சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் சொல்லுவேன்.

கருவாட்டு வாடியில் என்னோடு வேலை செய்கிற, மலையகத்திலிருந்து வந்து குடியேறிய சிநேகிதிதான் கொடித்துண்டு ஒன்றைப் போத்தல் தண்ணீரில் போட்டுக் கொண்டுவந்து தந்தாள். வெளியே வைத்தால் கச்சான் காற்றில் இலை பொசுங்கும் என்று, யன்னல் வெளிச்சம் சாய்வாக விழுகிற மூலையில், தன் கதிரைக்குப் பக்கத்தில், இவர் அதைப் பெயின்ற் வாளியில் நட்டார். எங்கள் கிணறு சவர், உப்புக் கரிக்கும். அதனால் செடிக்கும் குடிதண்ணீர்தான். தூக்கிச் சுமப்பவள் நான், தாராளமாக ஊற்றுகிறவர் அவர்.

கொடி ஏற ஒரு தடி வேண்டும், அதில் கயிறு சுற்றி ஈரமாக வைத்திருந்தால் கணுவில் வருகிற வேர் பற்றிக்கொள்ளும் என்றாள் சிநேகிதி. இவர் உடனே சொல்லியனுப்பி, கரைவலை இழுத்துப் பழசான தேங்காய்த் தும்புக் கயிற்றை எடுப்பித்தார். கடலில் ஊறின கயிறு லேசில் உக்காது என்பது எங்கள் ஆட்களின் பெருமை. மூன்று நாள் இருந்து சுற்றினார். ஒரு சுற்றுக்கூட மற்றதில் ஏறவில்லை. இத்தனை வருடம் கிழிந்த வலை பொத்திய அந்தக் கைகளை நான் சரியாகப் பார்த்ததே இல்லை. அன்று பார்த்துக்கொண்டே நின்றதில் சோறு அடிப்பிடித்துவிட்டது.

காலையும் மாலையும் கயிற்றை நனைப்பார். ஒரு மாதத்துக்குள் இலை ஓரமெல்லாம் கருகத் தொடங்கியது. கிணற்றுத் தண்ணீரை ஊற்றினீர்களா என்று நான் சண்டை பிடித்தேன். இல்லை என்றார். நான்காவது இலையும் விழுந்த அன்று அவர் குரலே வேறாக இருந்தது.

“நான் கை வைச்சது ஒண்டும் இனித் தளிர்க்காது.”

அது செடியைப் பற்றிய பேச்சு இல்லை என்பது எனக்கு விளங்கியது. பயந்துபோனேன்.

மறுநாள் நான் வேலை முடிந்து வந்தபோது, தடியை மடியில் வைத்துக்கொண்டு கயிற்றை நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உப்பு,” என்றார். “கடலைக் கொண்டந்து வீட்டுக்குள்ள கட்டி வைச்சிட்டு, அதுக்கு மேலால குடிதண்ணி ஊத்தியிருக்கிறன்.”

கால் முறிந்த நாளுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது.

வேரைக் கழுவி, மண்ணை மாற்றி, நான் வாங்கி வந்த புதுத் தும்பைத் தானே கயிறாகத் திரித்துச் சுற்றினார். மிஞ்சியது இரண்டே இலை. மூன்றாவது, சுருட்டிய தளிராக வந்து விரிவதற்கு ஐந்து நாள் எடுத்தது. அதன் பிடிவாதம் எனக்கு நிரம்பப் பிடித்தது. ஏற ஏற இலை பெரிதாகிக்கொண்டு போனது. கதிரையிலிருந்து கை எட்டாத உயரத்துக்குப் போனதும், இவர் அலுமாரியைப் பிடித்துக்கொண்டு எழும்பிக் கட்டினார். பிறகு பிடிக்காமலே கட்டினார். எழும்புங்கோ, எழும்புங்கோ என்று நான் மாதக்கணக்காகத் தொண்டை கிழியக் கத்தி நடக்காததை அந்தக் கொடி சத்தமில்லாமல் செய்துவிட்டது. கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

ஒரு நாள் காலையில் சேட்டுப் போட்டுக்கொண்டு, “கரைக்குப் போட்டு வாறன்,” என்று சொல்லி நடந்தார். நான் வாசலில் நின்று, தெரு முடக்கில் மறையும்வரை பார்த்தேன்.

மத்தியானம் வீடு கூட்டும்போதுதான் கவனித்தேன், கயிறு காய்ந்துபோய் இருந்தது. இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அவர் தண்ணீர் ஊற்ற மறந்திருந்தார். காய்ந்த மண்ணைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி, சந்தோஷத்தில் கொஞ்ச நேரம் அந்த மூலையிலேயே நின்றேன்.