சிலையின் விரலில் ஒரு துணிக்கீற்று

எனக்கு வயது எழுபத்தொன்று. பெற்றது மூன்று, தங்கை விட்டுப்போன இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஐந்து. எல்லாம் கார்மெண்ட்ஸ் தையல் மெஷின் போட்ட சோறு. எனக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். நான் சொல்லச் சொல்ல இந்தப் பத்தியை வாராவாரம் எழுதுவது பேத்தி பவி என்பது உங்களுக்குத் தெரியும்தானே?

போன வாரம் அடுகோடி ஏரியாவில் சிலை செய்கிற ஒரு ஷெட்டுக்குக் கூப்பிட்டார்கள். ஃபேக்டரிப் பெண்களுக்குச் சிலை வைக்கிறார்களாம். மெஷின் முன்னால் உட்கார்ந்த களிமண் பெண். ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது.

சிற்பி கன்னடக்காரர்; பாட்டியை அவர்கள் 'அஜ்ஜி' என்பார்கள். "அஜ்ஜி, ஸ்வல்ப பாத்துச் சொல்லுங்க. விரல்ல ஊசி ஏறினா இப்படித்தான் கட்டுவீங்களாமே?"

அப்படித்தான் கட்டுவோம். ஊசி ஏறியது தெரிந்தால் டைலர் வேலை போய்விடும் – நூல் வெட்டுகிற ஹெல்பராக இறக்கிவிடுவார்கள். அதனால் தைக்கிற துணியிலேயே ஒரு கீற்று எடுத்துச் சுற்றிக்கொள்வோம். நீலச் சட்டை என்றால் நீலக் கீற்று. சூப்பர்வைசர் கண்ணில் படாது.

ஆனால் சுற்றிலும் சிலை வைக்கிற கமிட்டிக்காரர்கள், காலேஜ் பெண்கள்... எனக்கு என்ன வந்ததோ?

"நல்ல டைலருக்கு ஊசி ஏறாதுப்பா. எடுத்துடு" என்றேன் – என் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு! கமிட்டிக்காரர்களும் எடுக்கச் சொன்னார்கள். அவர் எடுத்துவிட்டு, விரலை வழவழவென்று தேய்த்துவிட்டார்.

சாயங்காலம், முன்பு என் பக்கத்து மெஷினில் தைத்த மேரிக்குப் போன் செய்து பெருமையடித்தேன்.

"ஏன்டி, என் நகம் ரெண்டா பொளந்து கெடக்கே, அப்ப நான் நல்ல டைலர் இல்லியா? சூப்பர்வைசரே செத்துட்டான். இன்னும் யாருக்குடி ஒளிக்கிற?"

போனை வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வியாழக்கிழமை வார்ப்பு. உலோகத்தை ஊற்றிவிட்டால் அப்புறம் அந்த விரலை யார் மாற்றுவது? சிலையைப் பார்க்கிற ஒவ்வொரு டைலரும் தன் கையை மறைத்துக்கொள்ள மாட்டாளா?

சிற்பியைப் போனில் பிடித்து, துணியை மறுபடி சுற்றச் சொன்னேன்.

"நீங்க சொன்னதாலதான் கமிட்டியில எடுக்கச் சொன்னாங்க. புதன்கிழமை எல்லாரும் வராங்க. நீங்களே வந்து சொல்லிடுங்க அஜ்ஜி."

எல்லார் முன்னாலுமா! சிரிப்பார்களோ? 'கிழவி மாற்றி மாற்றிப் பேசுகிறாள்' என்று விட்டுவிடுவார்களோ?

அதனால் முதலில் உங்களிடம் சொல்லிப் பழகிக்கொள்கிறேன். எனக்கும் ஊசி ஏறியது. ஒரே ஒரு தடவை.

பவி, எழுதினத படிச்சுக் காட்டும்மா... நில்லு, நில்லு. 'ஒரே ஒரு தடவை'யை அடிச்சிட்டு, மூணுன்னு போடு.