மெஷினாக வேலை பார்த்தவள்

என் மனைவி ஒரு மெஷினாக வேலை பார்த்தாள். சிரிக்காதீர்கள், உண்மையைத்தான் சொல்கிறேன்.

தனியாக வாழும் வயதானவர்களின் வீட்டில் கேமரா மாட்டி, விழுந்தால் உடனே கண்டுபிடித்து ஆம்புலன்ஸ் அனுப்புகிற கம்பெனி அது. எல்லாம் செயற்கை நுண்ணறிவு, மனிதத் தலையீடே கிடையாது, தூங்காத கண் என்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. கறுப்பு டி-ஷர்ட் போட்ட நிறுவனர் கையைக் கட்டிக்கொண்டு படத்துக்கு நின்றார். உலகத்தை மாற்றப் போகிறோம் என்று சொல்லாவிட்டால் இந்த ஆட்களுக்குச் சாப்பிட்டது செரிக்காது போலிருக்கிறது. அந்தத் தூங்காத கண் யாருடையது தெரியுமா? ஜன்னல் இல்லாத ஓர் அறையில் ஷிஃப்ட் போட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்களுடையது. மெஷின் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறது, அதுவரை நீங்கள் பாருங்கள் என்று சொல்லித்தான் வேலைக்கு எடுத்தார்கள். அது எந்த வகுப்பில் படிக்கிறதோ, பாஸாகிற வழியைக் காணோம்.

அந்த அறையில் இவளுக்குப் பட்டப்பெயர் பருந்து. ஒருவர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கிற தினுசைப் பார்த்தே தடுமாறப் போகிறார் என்று சொல்லிவிடுவாள். மத்தியானச் சாப்பாட்டைத் தட்டைப் பார்க்காமலே சாப்பிட்டு முடிப்பாள். வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி விடாது. நான் குளித்துவிட்டு வந்தால் முகத்தைப் பார்க்க மாட்டாள், காலைத்தான் பார்ப்பாள்.

"ஈரம், ஈரம்! துடைச்சிட்டு வாங்க."

வேலை ரகசியத்தை வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருந்தாள். புருஷனிடம் சொல்வது வெளியே சொன்னதாகாது என்று அவளே தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள். ஆனால் அவள் அப்பாவிடம் மட்டும் மூச்சு விடவில்லை. என் மாமனார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், தனியாகத்தான் இருந்தார். பத்திரிகையைப் படித்துவிட்டு, எங்களைக் கேட்காமலே அந்தக் கேமராவை வாங்கி மாட்டிவிட்டார்.

"உங்க கம்பெனி மெஷின் பிரமாதம்மா. ஆளை வெச்சா தூங்கிடுவான்" என்றார் மகளிடம். மகள் மென்று முழுங்கினாள். அவர் வீடு பக்கத்து இருக்கைப் பெண்ணின் திரையில் தெரியும். அவ்வப்போது கழுத்தை நீட்டி, அப்பா நடமாடுகிறாரா என்று பார்த்துக்கொள்வாள்.

அப்புறம் முதலீட்டாளர்கள் பார்வையிட வந்தார்கள். அன்று காலையிலேயே மேற்பார்வையாளர் எல்லோருடைய போனையும் ஒரு பையில் வாங்கிக்கொண்டு, பெண்களை மொட்டைமாடிக்கு ஏற்றிவிட்டார். திரைகளில் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த வீடியோ ஓடியது. அதில் ஆபீஸ் ஆள் ஒருவர் நரைமுடி டோப்பா வைத்துக்கொண்டு அழகாக விழுவாராம், உடனே திரை சிவக்குமாம். நிஜ வீடுகளைப் பார்க்க ஓர் ஈ காக்கை இல்லை.

தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்றபடி முதலில் எல்லோரும் கதையடித்தார்களாம். வந்தவர்கள் கிளம்புகிற வழியைக் காணோம். இவளுக்கு மட்டும் அப்பா குளிக்கிற நேரம் என்பது உறைத்திருக்கிறது.

"சார், இப்ப யாரு பாத்துட்டு இருக்கா?"

"சிஸ்டம் பாத்துக்கும்மா."

"நாங்கதானே சார் சிஸ்டம்?"

"அட, கொஞ்ச நேரம்தானேம்மா. அதுக்குள்ள யாரு விழுந்துடப் போறாங்க?"

வேலை போனால் போகட்டும் என்று படியிறங்கி ஓடி வந்திருக்கிறாள். வாட்ச்மேனின் போனில் அப்பாவைக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. அடுத்து என்னைக் கூப்பிட்டாள். நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன், பிள்ளைகளை விட்டுவிட்டுப் பக்கத்துத் தெருவில்தான் நின்றிருந்தேன்.

வேனில் ஏறியதுமே, அப்பா போனை எடுக்கவில்லை என்றாள்.

"குளிச்சிட்டு இருப்பாரு. நீயா எதையாவது நினைச்சுக்காத" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"குளிச்சு முடிச்சிருப்பாருங்க. அப்பா எப்பவும் உடனே எடுத்துடுவாரு. போங்க, ஹாரன் அடிங்க!"

என் போனை வாங்கி மறுபடி மறுபடி அடித்தாள். மணி அடித்து அடித்து நின்றது. அவள் யாரை வேண்டுகிறாள் என்று தெரியாமல் உதட்டை அசைத்துக்கொண்டே வந்தாள்.

எங்களிடம் இருந்த சாவியால் கதவைத் திறந்தோம். குளியலறை வாசலில், இடுப்புத் துண்டோடு அவர் தரையில் கிடந்தார். ஒரு கால் பார்க்கவே முடியாதபடி திரும்பியிருந்தது. உதடெல்லாம் வெளுத்திருந்தது, ஆனால் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"பாத்தியா, ஆள் வரும்னு சொல்லிச்சு. உன்னையே அனுப்பிடுச்சு."

நான் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுவிட்டு, "மேல்வீட்டுக்காரரை ஒரு சத்தம் கூப்பிட்டிருக்கலாமே மாமா? ஓடி வந்திருப்பாரே!" என்றேன்.

"எதுக்கு மாப்பிள்ளை அவரைத் தொந்தரவு பண்ணணும்? நான் ஐயோங்கும்போதெல்லாம் அது பதில் சொல்லிட்டே இருக்கு. கேளுங்க... ஐயோ!"

மேலே கேமராவிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. "பயப்பட வேண்டாம். உங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். உதவி வந்துகொண்டிருக்கிறது."

அந்தக் கம்பெனியிலேயே ஆள் இல்லாமல் உண்மையாக வேலை செய்தது அந்தப் பதிவு செய்த குரல் ஒன்றுதான். அதை நம்பி, இந்த மனிதர் அவ்வளவு நேரமும் அக்கம்பக்கத்தில் யாரையும் கூப்பிடாமல் வலியைப் பொறுத்திருக்கிறார். எனக்கு அந்தக் கேமராவைப் பிடுங்கி உடைக்க வேண்டும் போலிருந்தது.

என் மனைவி தரையில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "அப்பா, மெஷின்னு ஒண்ணும் இல்லப்பா. நாங்கதான் உக்காந்து பாக்கறோம். பொம்பளைங்க."

அவர் கேமராவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப நான் விழுந்தப்ப?"

"எங்களை மொட்டைமாடிக்கு அனுப்பிட்டாங்கப்பா."

"ஐயோ ஐயோன்னு கூப்பிட்டேனே. அத்தனை தடவை கூப்பிட்டேனே. யாருமே பாக்கலியா?"

"யாருமே இல்லப்பா."

அவர் கை அவள் புடவையைக் கொத்தாகப் பிடித்தது. நாங்கள் இருவரும் பக்கத்திலேயே இருக்க, மேல்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அவர் தொண்டை கிழியக் கத்தினார்.