மனைவியின் கையெழுத்து இருந்தால் செல்லும்

தொலைக்காட்சியில் நான்கு பேர் கோட்டுப் போட்டுக்கொண்டு இருந்து, கைபேசியில் காசு வைத்துச் சீட்டாடுவதைச் சட்டமாக்கலாமா என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள். போக்கர் என்று ஒரு விளையாட்டாம். தடுத்தால் ஒளித்து ஆடுவார்கள், அனுமதி கொடுத்து ஒழுங்குபடுத்தினால் வரியும் வரும், ஆடுகிறவனுக்குப் பாதுகாப்பும் இருக்கும் என்றார் ஒருவர். அந்த மனிதரின் கன்னத்தில் ஒன்று போடவேண்டும் போல இருந்தது. அவர் மீது எனக்குத் தனிப்பட்ட கோபம் ஒன்றுமில்லை. அதே நியாயத்தை, அதே நம்பிக்கையோடு, இருபத்திரண்டு வயதில் ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னவள் நான். கைதட்டும் வாங்கினவள்.

அது சண்டைக் காலம். மன்னார்த் தீவில், கீரி என்ற ஊருக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் கரை. நாற்பது வள்ளத்துக்கு மேல் இருந்தன. ஆனால் கடலுக்குப் போக நேவி ஒரு நாளைக்குப் பன்னிரண்டு அனுமதித் துண்டுதான் கொடுத்தது. விடிந்த பிறகு காவலரணில் அடையாள அட்டையைக் கொடுத்துத் துண்டை வாங்கவேண்டும். பொழுதுபட முன்னர் திரும்பி வந்து துண்டைக் கொடுத்து அட்டையை எடுக்கவேண்டும். எந்த நாளில் எந்தப் பன்னிரண்டு வள்ளம் என்று மீனவர் சங்கம் முறை வைத்துப் பட்டியல் போடும். அதை எழுதுகிற வேலை எனக்கு. உயர்தரம் படித்தவள், எழுத்தும் அழகு என்று என்னைச் சங்கக் கந்தோரில் ஒரு கதிரையில் இருத்தியிருந்தார்கள். அந்தக் கதிரையில் இருந்தபோது எனக்கு இருந்த மிதப்பை இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

நாலு நாளைக்கு ஒருமுறைதான் கடல். மிச்ச மூன்று நாளும் ஆம்பிளைகள் கரையில் கிடந்தார்கள். கிழிந்த வலை பொத்தி முடிந்தால் வேறு வேலை இல்லை. முந்நூற்றிநாலு ஆடத் தொடங்கினார்கள். எதிரெதிரே இரண்டு சோடி, நாலு பேர் ஆடுகிற சீட்டு. முதலில் தீக்குச்சி வைத்தார்கள், பிறகு பீடி வைத்தார்கள். வைக்க வேறொன்றும் இல்லாமற் போனபோது முறையை வைத்தார்கள். தோற்றவன் கடலுக்குப் போகிற தன் அடுத்த முறையை வென்றவனுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும்.

எனக்கு இது கன நாள் தெரியாது. காலையில் இரண்டு பேர் சேர்ந்து வருவார்கள். "தங்கச்சி, இண்டைக்கு என்ரை முறையில இவர் போறார். எனக்கு நாரிப்பிடிப்பு, குனிய ஏலாது" என்பார் ஒருவர். நானும் பெயரை வெட்டி மாற்றி எழுதுவேன். இந்தப் பஞ்சத்திலும் எங்கள் ஆட்களுக்கு எவ்வளவு விட்டுக்கொடுப்பு என்று அக்கா வீட்டில் போய்ப் பெருமையடித்தேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"விசரி, அவருக்கு நாரி நல்லாத்தான் இருக்கு. சீட்டில துரும்புதான் பிழைச்சுப் போச்சு."

அக்காவின் சீதன நகையை விற்றுத்தான் அத்தான் வள்ளமும் எஞ்சினும் வாங்கியிருந்தார். மூன்று பிள்ளைகள், கடைசி கைக்குழந்தை. அந்த வள்ளம் ஓடினால்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியும். அத்தான் சீட்டுக் கூட்டத்தின் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார். ஒழுக்கம் என்று நினைக்க வேண்டாம். அவருக்குப் பயம், ஊர் என்ன சொல்லும் என்கிற வெட்கம், அவ்வளவுதான். ஆனால் அந்த வெட்கம்தான் அக்காவுக்குக் காவல் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

சங்கத் தலைவர் சீட்டுக் கடதாசிகளைப் பிடுங்கி அடுப்பில் போட்டார். அவர்கள் புதுக் கட்டு வாங்கிக்கொண்டு பனங்கூடலுக்குள் போனார்கள். அந்தக் காலத்தில் நாலு ஆம்பிளைகள் பனங்கூடலுக்குள் ஒளித்திருந்து குசுகுசுத்தால் ஆமிக்கு அது முந்நூற்றிநாலு இல்லை. ஒருநாள் ரோந்து வந்தவர்கள் நாலு பேரையும் முழங்காலில் இருத்தி அடித்தார்கள். கடதாசிகளைக் காட்டியும் நம்பவில்லை. ஒருவருக்கு ஒரு காது கேளாமற் போனது. அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் சங்கம் கூடியது.

"சூது சூதுதான். மேசை போட்டு ஆடினாலும் சூதுதான். அடியோட நிப்பாட்ட வேணும்" என்றார் தலைவர்.

எங்கள் மீனை வாங்கி ஐஸ் போட்டு லொறியில் அனுப்புகிற சம்மாட்டி எழும்பினார். கரையில் ஐந்து வள்ளம் அவருடையவை. "நிப்பாட்ட ஏலுமே? ஏலாது. அப்ப எங்கட கண்ணுக்கு முன்னால, பகலில, சங்கத்துக்குள்ள ஆடட்டும். ஆமியும் சந்தேகப்படாது. முறை மாறினா சங்கத்துக்கு ஒரு காசு கட்டட்டும். கூரைக்குத் தகரமாவது வரும்" என்றார்.

பிறகு நான் எழும்பினேன். விதிகளை முதல் நாளே எழுதி வைத்திருந்தேன். கிழமைக்கு ஒரு முறைக்கு மேல் வைக்கக் கூடாது. மாற்றம் எல்லாம் தாளில் எழுதி, பதிவில் ஏற்றி, முத்திரை குத்தப்பட வேண்டும். குடித்துவிட்டு வந்தவருக்கு இடமில்லை. இப்படி நாலு சொல்லிவிட்டு, நான் பெரிதாக நினைத்த ஐந்தாவதை வாசித்தேன். முறையை விட்டுக்கொடுக்கிறவரின் மனைவி கையெழுத்திட்டால்தான் மாற்றம் செல்லும். இனி எந்த வீட்டுப் பெண்ணுக்கும் தெரியாமல் ஒரு முறை கைமாறாது என்றேன். பெண்கள் பக்கத்தில்தான் முதலில் கைதட்டு எழுந்தது. அக்கா மட்டும் தட்டவில்லை. மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையைப் பிடித்திருப்பதால் கை ஓயவில்லை என்று நினைத்தேன்.

இரண்டு மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒருவரும் அடி வாங்கவில்லை. நான் எழுதிய விதிகள் கந்தோர்ச் சுவரில் தொங்கின, வருகிறவர்களுக்கெல்லாம் நான் அதைக் காட்டினேன். அப்புறம் ஒரு பின்னேரம் தலையை நிமிர்த்திப் பார்த்தால் ஆடுகிற மேசையில் அத்தான் இருக்கிறார். என்னைக் கண்டு ஒளிக்கவும் இல்லை.

"என்ன பார்க்கிறாய்? சங்கமே நடத்துது, பிறகென்ன?" என்றார்.

அவர் முதலில் தோற்ற முறையின் மாற்றத் தாளில் அக்காவின் கையெழுத்து இருந்தது. ஓடிப்போய்க் கேட்டேன். "பிள்ளையளுக்கு முன்னால சண்டை வேண்டாமெண்டு வைச்சனான்" என்றாள். அடுத்த கிழமை இன்னொன்று வந்தது. அதற்கடுத்த கிழமையும் வந்தது. அக்காவுடையது மட்டுமா? கைதட்டின பெண்கள் எல்லாருடைய கையெழுத்தும் வந்தது. ஒருத்திகூட மறுத்ததாக எனக்கு நினைவில்லை. மறுத்துவிட்டு எந்த வீட்டில் போய் இருப்பாள்? இதை யோசிக்க உயர்தரம் தேவையில்லை. நான் யோசிக்கவில்லை.

வென்றவர்கள் பெரும்பாலும் சம்மாட்டியின் ஆட்கள் இரண்டு பேர். சம்மாட்டி கடதாசியைக் கையால் தொட்டதில்லை. முன்னர் வென்ற முறைக்கு வாய்ப்பேச்சுத்தான் சாட்சி, அதை நம்பி ஒருவரும் விலைக்கு வாங்கமாட்டார்கள். இப்போது என் முத்திரையோடு தாள் இருந்தது. அவர் அந்தத் தாள்களைத் தன் ஆட்களிடமிருந்தும் மற்றவர்களிடமிருந்தும் வாங்கினார். இறால் பட்ட மாதத்தில் பன்னிரண்டு துண்டில் எட்டு அவருடைய வள்ளங்களுக்குப் போன நாட்கள் உண்டு. அதற்காக அவர் முன்னரே புதிதாக வள்ளங்களும் வாங்கியிருந்தார். கிழமைக்கு ஒன்று என்ற என் விதியை இரண்டாக்கினார்கள். கூரைக்குத் தகரம் வந்திறங்கியது.

மேசையை மூடச் சொல்லித் தலைவரிடம் கெஞ்சினேன். "நான் அண்டைக்கே சொன்னனான் பிள்ளை. இப்ப கூரைக் காசை நிப்பாட்ட ஆர் விடுவினம்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அத்தானின் வள்ளம் கரையில் காய்ந்தது. எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் வாங்க வழியில்லை. கடைசியில் வள்ளத்தைச் சம்மாட்டிக்கே விற்றார், அதே வள்ளத்தில் கூலிக்குப் போக ஒத்துக்கொண்டார். சங்கப் பதிவில் உரிமையாளர் பெயரை மாற்ற இருவரும் என்னிடம் வந்தார்கள். நான் பேனையை மேசையில் வைத்துவிட்டேன். எழுதமாட்டேன் என்றேன்.

சம்மாட்டி கோபிக்கவில்லை. சுவரில் தொங்கிய விதிகளைக் கழற்றி என் முன்னால் வைத்தார். விற்பனைத் தாளையும் பக்கத்தில் வைத்தார். "பிள்ளை, இது நீங்கள் எழுதினதுதானே? மனிசியின்ரை கையெழுத்தும் இருக்கு. பிறகேன் யோசிக்கிறியள்?"

அத்தான் நிலத்தைப் பார்த்தபடி நின்றார். நான் எழுதினேன்.

அன்று நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். கிணற்றடியில் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். என் மீதே எனக்கு இருந்த கோபத்தை அவள் மீது கொட்டினேன். சீதன நகையில் வாங்கின வள்ளம், உனக்குப் புத்தி எங்கே போனது என்று கத்தினேன். "உன்னைக் கேக்காமல் ஒண்டும் செய்யேலாது எண்டுதானே எழுதி வைச்சனான்? நீ ஏன் கையெழுத்து வைச்சனி?"

அக்கா சட்டியைக் கவிழ்த்து வைத்தாள்.

"அந்தாள் பனங்கூடலுக்குள்ள களவாப் போய்த் தோத்திருந்தா, நான் ரோட்டில நிண்டு கத்தியிருப்பன். ஊர் என்ரை பக்கம் நிண்டிருக்கும். பங்குச் சுவாமியும் வந்து ஏசியிருப்பார். இப்ப நான் ஆரிட்டப் போனாலும் ஒரே கேள்விதான். நீர்தானே கையெழுத்து வைச்சனீர் எண்டு."

சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நீயும் இப்ப அதைத்தானே கேக்கிறாய்."