டீ வடிகட்டியில் கெளுத்தி முட்டைகள்

சக்கர நாற்காலியில் உட்கார வைத்து வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது, என் வீட்டுக்காரர் கழுத்தைத் திருப்பி என்னிடம் சொன்னது இதுதான்: “குகைக்குள்ள டார்ச் மட்டும் அடிச்சிடாத, புரியுதா?”

குகை என்றதும் தாதி என்னை ஒரு மாதிரி பார்த்தார். காய்ச்சலில் பிதற்றுகிறார் என்று நினைத்திருப்பார். உடம்பு அனலாய்க் கொதிக்கிறது, கண் இரண்டும் சிவந்து கிடக்கின்றன, டெங்கி என்று டாக்டர் உறுதியாகச் சொல்லிக் கொஞ்ச நேரம்தான் ஆகிறது. இரத்தத்தில் பிளேட்லெட் இறங்கிக்கொண்டிருக்கிறது, இன்னும் இறங்கும், அதனால்தான் சேர்த்துக்கொள்கிறோம் என்று அவர் சொன்னதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. இந்த மனுஷனுக்கோ மீன் கவலை! “முதல்ல நீங்க போய்ப் படுங்க” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

குகை என்பது ஒரு களிமண் குழாய். எங்கள் செம்பவாங் வீட்டுச் சின்ன அறையில் இருக்கும் மீன் தொட்டிக்குள் கிடக்கிறது. ஒரு பக்கம் அடைப்பு, மறுபக்கம் வாய். அதற்குள் குடியிருப்பது தென் அமெரிக்க ஆற்றுக் கெளுத்தி. விரல் நீளம்தான் இருக்கும். கறுப்பு உடம்பில் வெள்ளைக் கோடுகள், வாய் வயிற்றுப் பக்கம். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசியைத் தின்னும், தொட்டி சுத்தமாக இருக்கும் என்று ஃபேரர் பார்க் பக்கம் ஒரு கடையில் சொன்னதை நம்பி வாங்கிக்கொண்டு வந்தார். மகாராஜா பாசியைத் தொடவே இல்லை. இறால் போட்டால்தான் வெளியே வந்தார். அதற்குப் பிறகுதான் இது என்ன ரகம் என்று இவர் தேட ஆரம்பித்தார்.

அந்தக் கெளுத்திகளில் பலவற்றுக்கு இன்னும் ஒழுங்கான பெயர்கூட வைக்கவில்லையாம். ஓர் ஆங்கில எழுத்து, பக்கத்தில் ஓர் எண், அவ்வளவுதான். கோடு வளைந்திருந்தால் ஓர் எண், வால் ஓரத்தில் புள்ளி இருந்தால் வேறு எண். தமிழ்நாட்டிலிருந்து வந்து பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கிளமெண்டியில் இருக்கிறார். அவருக்கும் இதே பைத்தியம். இருவரும் மீன் படத்தை அனுப்பிக்கொண்டு, கோட்டை எண்ணிக்கொண்டு, ஃபோனில் சண்டை போடுவார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இவ்வளவு உற்றுப் பார்க்க மாட்டார்கள்.

அப்படிப் பார்த்தும் கோட்டை விட்டார்கள். ஜோடி என்று நம்பி இன்னொன்றும் வாங்கி வளர்த்தார், இரண்டுமே ஆண். இரண்டுக்கும் கன்னத்தில் முள்முள்ளாக மீசை முளைத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். பிறகு ஒன்றைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் பெண் ஒன்று வாங்கி வந்தார். அதோடு முடிந்ததா? ஆற்றில் மழை இறங்கித் தண்ணீர் குளிர்ந்தால்தான் முட்டை போடுமாம். அதனால் இடி இடித்து மழை கொட்டுகிற நாளாகப் பார்த்துக் குளிர்ந்த தண்ணீரை வாளி வாளியாக ஊற்றுவார். மரத்தடியில் காய்ந்து விழுந்த கெத்தாப்பாங் என்கிற நாட்டு வாதுமை இலைகளைப் பொறுக்கி வந்து ஊறப்போட்டு, தொட்டித் தண்ணீரையே தேநீர் நிறத்துக்குக் கொண்டுவந்துவிடுவார். நான் அந்தப் பக்கமே போகமாட்டேன். மீன் என்றால் எனக்குக் குழம்புதான்.

இத்தனை பாடுபட்ட பிறகு, இவருக்குக் காய்ச்சல் கண்ட அதே நாளில் அது முட்டை போட்டது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு தொட்டி முன்னால் உட்கார்ந்து “பார்த்தியா, பார்த்தியா” என்றார். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. சந்தோஷத்தில்தான் அப்படி நடுங்குகிறார் என்று நினைத்துவிட்டேன்.

மஞ்சளாக, திராட்சைக் கொத்து மாதிரி இருந்தன முட்டைகள். தாய் போட்டுவிட்டுப் போய்விட்டது, அதன் வேலை அதோடு சரி. அப்பன்தான் குகைக்குள் படுத்துக்கொண்டு, சாப்பிடக்கூட வெளியே வராமல், வாலாலும் துடுப்பாலும் விசிறி விசிறிக் காக்கும். விசிறல் நின்றால் முட்டைக்கு மூச்சு முட்டிப் பூஞ்சை பிடித்துவிடும். வெளிச்சம் பட்டாலோ, மிரண்டு போனாலோ, காக்கிற அப்பனே முட்டையை வெளியே தள்ளிவிடும். இதையெல்லாம் மருத்துவமனைக்கு டாக்சியில் போகும்போது எனக்குப் பாடமாக நடத்தினார்.

அவரைச் சேர்த்துவிட்டு வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், வீடு ஓவென்று கிடந்தது. சின்ன அறைக்குப் போய்க் குனிந்து பார்த்தேன். குகைக்குள் அந்த வால் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. இந்த முட்டை பிழைத்தால் இவரும் பிழைப்பார். யாரும் சொல்லவில்லை, நானாகப் போட்ட முடிச்சு. நான் பாலர் பள்ளியில் பாடம் நடத்துகிறவள், அப்படியொன்றும் விவரம் கெட்டவள் இல்லை. ஆனாலும் போட்டுவிட்டேன். போட்ட பிறகு அவிழ்க்கத் தெரியவில்லை.

வார்டிலிருந்து ஃபோன் வந்துகொண்டே இருக்கும்.

“விசிறுறானா?”

“விசிறுறான்.”

“முட்டை என்ன கலர்ல இருக்கு?”

“மஞ்சளாத்தான் இருக்கு.”

“டார்ச் அடிச்சியா?”

“உங்க தலையில அடிக்கிறேன், இருங்க.”

பிளேட்லெட் எவ்வளவு என்று அவர் சொல்லமாட்டார். நான் தாதியிடம் கேட்டுத் தெரிந்துகொள்வேன். ஒவ்வொரு தடவையும் இறங்கித்தான் இருந்தது. பப்பாளி இலைச் சாறு கொடு என்று சொல்லாத ஆளில்லை. தேக்கா சந்தைக்கு ஓடிப் போய் இலை வாங்கி, அரைத்து, பிழிந்து, புட்டியில் எடுத்துக்கொண்டு போனேன். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்து, “இதுக்குக் கெத்தாப்பாங் தண்ணியே தேவலாம் லா” என்றார். சிரித்தேன். வெளியே வந்து லிஃப்டில் அழுதேன்.

எங்கள் அடுக்குமாடிப் புளோக்கில் இன்னும் சிலருக்கும் டெங்கி. லிஃப்ட் பக்கத்தில் சிவப்பு அறிவிப்பு தொங்கியது. நோயாளி வீடு என்பதால் உள்ளேயும் மருந்தடிக்க வருவோம் என்று தகவல் வந்தது. எனக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை, அடித்தால் நல்லதுதானே என்றிருந்தேன். தற்செயலாகத் தம்பியிடம் சொன்னபோதுதான் அவர் பதறினார்.

“அக்கா, கொசுவுக்கு விஷம்னா மீனுக்கும் விஷம்தான். தொட்டியை நல்லா மூடுங்க. காத்து மோட்டாரைக் கண்டிப்பா நிறுத்திடுங்க. அது ரூம்ல இருக்கிற காத்தைத்தான் இழுத்துத் தண்ணிக்குள்ள விடும். மருந்து நேரா உள்ள போயிடும்.”

“மோட்டாரை நிறுத்தினா அது எப்படி மூச்சு விடும்?”

“கொஞ்ச நேரம் தாங்கும் அக்கா.”

“முட்டை?”

“பார்ப்போம் அக்கா” என்றார்.

அந்தப் ‘பார்ப்போம்’ எனக்குப் பிடிக்கவில்லை. டாக்டரும் காலையில் அதே வார்த்தையைத்தான் ஆங்கிலத்தில் சொல்லியிருந்தார். வீட்டுக்காரரிடம் மருந்தடிப்பு பற்றி மூச்சே விடவில்லை. சொன்னால் கையில் குத்தியிருந்த ஊசியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வந்து நிற்கிற ஆள் அவர்.

மருந்தடிக்க வந்த அதிகாரி தமிழர், நடு வயது. வந்ததும் வீடு முழுக்கத் தேங்கிய தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தார். சின்ன அறையில் மூடி வைத்திருந்த வாளியைத் திறந்து, உள்ளே டார்ச் அடித்துக் குனிந்தார். கறுத்த தண்ணீரில் இலைகள் மிதந்தன. அதில் ஒரு கொசுப்புழு நெளிந்தாலும் அபராதம், தொலைந்தோம்.

“மேடம், இது என்ன தண்ணி?”

“மீனுக்குக் கஷாயம் சார்.”

அவர் என்னைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். “எப்பவும் இப்படியே டைட்டா மூடி வைங்க” என்று சொல்லி மூடினார். நல்லவேளை, என் வீட்டுக்காரர் எதை மறந்தாலும் அந்த மூடியை மறக்கமாட்டார்.

“சார், இந்த ஒரு ரூமை மட்டும் விட்டுடுங்களேன். முட்டை இருக்கு.” என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது.

“பக்கத்து வீட்டுல கைக்குழந்தை இருக்கு மேடம். கொசு ரூம் பார்த்தா உட்காருது? ஃபிஷ் டேங்க்கை நல்லா மூடிடுங்க, நாங்க வெயிட் பண்றோம்.”

அவர் சொன்னதில் என்ன தப்பு? பக்கத்து வீட்டுக்காரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கீழே போவதை நானே பார்த்தேன். சமையலறையிலிருந்து பிளாஸ்டிக் தாள் சுருளை எடுத்து வந்து தொட்டி வாயைச் சுற்றிச் சுற்றி ஒட்டினேன். ஈரத் துண்டுகளைப் போர்த்தினேன். மோட்டாரை நிறுத்தினேன். குமிழிச் சத்தம் நின்றதும் அந்த அறையே செத்த மாதிரி ஆகிவிட்டது. “அடிங்க” என்று சொல்லிவிட்டு வெளியே வந்து நின்றேன்.

மருந்தடித்த பிறகு சொன்ன நேரம்வரை உள்ளே போகக்கூடாது. தாழ்வாரத்தில் நடந்தேன். நடந்து நடந்து கால் ஓய்ந்தது. போகலாம் என்றதும் உள்ளே பாய்ந்து, ஜன்னல்களைத் திறந்து, காற்றாடியைப் போட்டு, நாற்றம் போன பிறகு துண்டுகளை எடுத்தேன். அப்பன் குகைக்கு வெளியே மணலில் கிடந்தது, செவுள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் மஞ்சள் கொத்து. மொத்தத்தையும் வெளியே தள்ளியிருந்தது.

“பாவி! அடப்பாவி!” என்று மீனைத் திட்டினேன். மோட்டாரைப் போட்டுவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டேன். முட்டைகளை எடுத்து மேலே தொங்கவிடச் சொன்னார், அடியிலிருந்து காற்றுக் குமிழி பட்டுக்கொண்டே இருக்க வேண்டுமாம். எதில் எடுப்பது? அடுக்களையில் கைக்குக் கிடைத்தது டீ வடிகட்டிதான். அதில் அள்ளி, தண்ணீருக்குள் முங்குகிற மாதிரி, துணிக் கிளிப்பால் தொட்டி விளிம்பில் மாட்டினேன். உயிருள்ள மீனைத் தொட்டே அறியாத கை. அதற்குள் அந்த அப்பன் காலிக் குகைக்குள் நுழைந்து மறுபடியும் விசிற ஆரம்பித்துவிட்டது. “கழுதே, முட்டை இங்க இருக்கு. அங்க எதை விசிறுறே?” என்று சத்தம் போட்டேன். அது பாட்டுக்கு விசிறிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் சில முட்டைகள் வெளுத்திருந்தன. தம்பி சொன்னபடி பஞ்சுக் குச்சியால் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தேன். எடுக்க எடுக்க அடுத்தது வெளுத்தது. மத்தியானத்துக்குள் வடிகட்டி முழுக்கப் பஞ்சு மாதிரி வெள்ளைப் பூஞ்சை. ஒன்றாவது தேறாதா என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிளறிப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை.

அதைக் கொட்டவும் மனம் வரவில்லை. அப்படியே விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போனேன். போகும் வழியெல்லாம், இது வெறும் மீன் முட்டை, மீன் முட்டை என்று சொல்லிக்கொண்டே போனேன்.

அன்றைக்குத்தான் அவர் ரொம்ப மோசமாக இருந்தார். ஈறில் இரத்தம் கசிந்தது. கையெல்லாம் சிவப்புப் புள்ளிகள். பிளேட்லெட் இதுவரை இல்லாத அளவுக்கு இறங்கிவிட்டது என்றார் தாதி. பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

“விசிறுறானா?”

“விசிறுறான்.” அது பொய்யில்லை.

“முட்டை?”

“இருக்குங்க. அப்படியே இருக்கு.”

தலையை மெல்ல ஆட்டினார். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டார். பார்வையாளர் நேரம் முடிந்தது என்று என்னை அனுப்பும்வரை அவர் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலையில் ஃபோன் அடித்தபோது எடுக்கப் பயந்துபோய் நின்றேன். அடித்து ஓய்ந்து, மறுபடியும் அடித்தது. எடுத்தால் அவர் குரல்.

“கொஞ்சம் ஏறியிருக்காம்மா.”

“சரி” என்றேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

“முட்டை எப்படி இருக்கு?”

“இருக்கு, இருக்கு. நீங்க முதல்ல சாப்பிடுங்க.”

அதற்குப் பிறகு தினமும் ஏறியது. தினமும் நானும் இருக்கு, இருக்கு என்றேன். வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வரும் நாளில், அவர் கதவைத் திறந்து நேராகத் தொட்டிக்குத்தான் போவார் என்று தெரியும். அதனால் டாக்சியிலேயே சொல்லிவிட்டேன். மருந்தடித்தது, தள்ளியது, வடிகட்டி, எல்லாம்.

“எப்போ போச்சு?”

“உங்களுக்கு ரொம்ப முடியாம இருந்துச்சே, அன்னைக்கு மத்தியானம்.”

வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

“ஒண்ணு சொன்னா திட்டக்கூடாது. அந்த முட்டை பொழைச்சா நானும் பொழைச்சிடுவேன்னு நெனச்சிக்கிட்டுக் கெடந்தேன். இருக்குன்னு நீ சொன்ன பாரு, அதைப் பிடிச்சிக்கிட்டுத்தான் தூங்கினேன்.”

“நானும் அதையேதான் நெனச்சிக்கிட்டு இருந்தேன்.”

“நீயுமா? ரெண்டும் லூசு லா” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். டாக்சிக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். சட்டென்று இவர் சிரிப்பு நின்றது. முழுசாக என் பக்கம் திரும்பினார்.

“இரு, இரு. எனக்குத்தான் தெரியாது. முட்டை செத்தது உனக்கு அப்பவே தெரியுமே.”

“தெரியும்.”

“அப்போ, என் பக்கத்துல வந்து உட்கார்ந்திருந்தியே, அப்ப நீ…”

“ஆமா” என்றேன். “நீங்க போயிடுவீங்கன்னுதான் நெனச்சிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.”

ஊசி குத்திக் குத்திக் கறுத்திருந்த கையால் என் வலது கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எங்கள் புளோக் அடியில் டாக்சி நின்ற பிறகும் விடவில்லை. பையைத் திறந்து டாக்சிக் காசு கட்டும் அட்டையை எடுக்க நான் இடது கையால் துழாவ வேண்டியிருந்தது.