ஒரே கம்பியில் இரண்டு வீடுகள்

இதை எழுதவேண்டும் என்று நாலு வருடமாகப் பேனையை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். பிழை என்னுடையது, அதனால்தான் தயக்கம். போன கிழமை நோர்வேயில் எங்கள் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. வரும் செவ்வாய் பத்து நிமிடம் மின்சாரம் நிற்குமாம், பொறுத்தருள வேண்டுமாம். பத்து நிமிடத்துக்கு மன்னிப்பு! மனைவி அதைப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுச் சிரித்தா. இனியும் மறைத்தால் பிள்ளையாரே பொறுக்கமாட்டார் என்று பட்டது.

மகள் இங்கே பல்கலைக்கழக ஆய்வாளர். புயல் மழையில் மின்சாரம் அறுந்தால் ஒரு ஊர் எப்படித் தாங்குகிறது, எப்போது மீள்கிறது என்று வீடு வீடாய்க் கேட்டுப் புள்ளிவிபரத்தால் அளக்கிற வேலை. அதற்கு அவள் தெரிந்தெடுத்தது எங்கள் ஊரான சண்டிலிப்பாயை. எட்டாம் வகுப்போடு மண்வெட்டி பிடித்த எனக்குப் பெருமையில் தலைகால் தெரியவில்லை. ஊரிலுள்ள அண்ணைக்கும் சொந்தக்காரர் எல்லாருக்கும் ரெலிபோன் எடுத்தேன்.

"பிள்ளை எழுதிறதை வெளிநாட்டுக்காரர் வாசிக்கப்போகினம். ஊரைப் பற்றி நல்லதாச் சொல்லுங்கோ."

சொன்னார்கள். ஊருக்குப் போய்க் கேட்டுத் திரும்பி வந்தவள் இரண்டு நாள் கணினிக்கு முன்னால் சாப்பிடாமல் இருந்தாள். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டாள்.

"அப்பா, ஒரே கம்பியிலை ரண்டு வீடு. பக்கத்து வீட்டிலை கரண்ட் மணித்தியாலக் கணக்கா இல்லை. பெரியப்பா வீட்டிலை ஒருநாளும் போகேல்லையாம். எப்பிடி?"

நான் நெற்றித் திருநீற்றைத் தொட்டுக்கொண்டேன்.

"எங்கடை சொந்தக்காரர் வீட்டிலை மட்டும் போகேல்லை அப்பா. இப்பிடியே குடுத்தா, அந்த ஒழுங்கைக்குக் கரண்ட் இல்லாத நேரம் பாவிக்கிற மின்கலம் தேவையில்லை எண்டுதான் என்ரை கணக்குச் சொல்லும்."

நல்லதாகச் சொல்லச் சொன்னது நான்தான் என்று சொல்லிவிட்டேன். அவள் ஏசவில்லை. உடனே அண்ணைக்கு எடுத்தாள்.

"வந்த பிள்ளைக்கு முன்னாலை எங்கடை குறையைச் சொல்லுறதே மோனை?" என்றார் அண்ணை. "வெங்காயத்துக்குத் தண்ணி மாறேக்கை மோட்டர் நிண்டு, வாய்க்காலைப் பாத்துக்கொண்டு நிண்டதெல்லாம் கதைக்கிற கதையே? கொப்பன்தான் சொல்லவேண்டாமெண்டவன். உவன் ஊரை விட்டுப் போகேக்கையும் புழுகன்தான்."

எல்லா வீட்டையும் அவள் முதலிலிருந்து தொடங்கினாள். ஆய்வு ஒரு வருடம் பிந்தியது. இந்தமுறை வீட்டுக்கு வீடு சின்னப் பெட்டி ஒன்றைப் பிளக்கில் செருகிவிட்டு வந்தாள். மின்சாரம் போனதையும் வந்ததையும் அது தானே குறித்துக்கொள்ளும். பெட்டிக்குச் சொந்தமும் இல்லை, வெட்கமும் இல்லை.

பட்டத்துக்காக அவள் சபையில் பேசிய நாள் நான் கோட் போட்டுக்கொண்டு முன்வரிசையில் இருந்தேன். முதல் எடுத்த தரவை எறிந்ததையும், எறிந்ததற்குத் தன் தகப்பனே காரணம் என்பதையும் அவள் மறைக்காமல் சொன்னாள். மண்டபம் சிரித்தது. முடிந்ததும் பேராசிரியர் வந்து என் கையைப் பிடித்தார். நான் எனக்குத் தெரிந்த நோர்வே மொழியில் மன்னிப்புக் கேட்டேன். அவர் வாழ்த்துச் சொன்னார். நான் மறுபடி மன்னிப்புக் கேட்டேன். அவர் மறுபடி வாழ்த்தினார். கனநேரம் கையை ஆட்டிக்கொண்டே நின்றோம். பொய்யை மூடி வாங்குகிற மதிப்பைவிடப் பிழையைச் சொல்லி வாங்குகிற மதிப்புப் பெரிது என்று என் பிள்ளையிடம் கண்டேன். பெற்றவனுக்கு வேறென்ன வேண்டும்.

அவளுடைய புத்தகத்தில் ஒரு படம் இருக்கிறது. ஒவ்வொரு வீடும் ஒரு புள்ளி. பெயர் இல்லை, இலக்கம் மட்டும். இருட்டுக் கூடின வீடுகள் மேலே. அண்ணை வீட்டுப் பெட்டியின் இலக்கத்தைக் கேட்டு அவருடைய புள்ளியைக் கண்டுபிடித்து, மனைவியிடம் "இஞ்சை பார், எங்கடை வீடு" என்று விரலை வைத்தேன்.

"அப்ப நாங்கள் இருக்கிற இது ஆரின்ரை வீடு?" என்றா மனைவி, அணையாத விளக்குக்குக் கீழே நின்றுகொண்டு. நான் விரலை எடுக்கவில்லை.

இதை யாருக்காவது சொல்வதானால் என் பிழையோடேயே சொல்லுங்கள். எனக்காக நல்லதாக்க வேண்டாம்.