காடு குடித்த தண்ணீர்

சவூதியில் அபஹா மலைக்காட்டின் உச்சிப் பாறையில் நின்று, எங்காவது தீ தெரிகிறதா என்று பார்ப்பது அந்தக் காவல்காரரின் வேலை. ராமநாதபுரத்துப் பேச்சு. பேசும்போதும் நம் முகத்தைப் பார்க்க மாட்டார், கண் மலைச்சரிவிலேயே இருக்கும். தொண்ணூறுகளில் நான் அந்த வழியாக, எனக்கு விசா கொடுத்த முதலாளியான கபீலின் தொழிலாளர் கேம்ப்புக்குத் தண்ணீர் லாரி ஓட்டினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ஓடிவந்து வண்டியை மறித்தார்.

"கீழ புகையுதுண்ணே. பிக்னிக் வந்தவுக, பாலைவனத்துல மணலப் போட்டு நெருப்ப மூடுற பழக்கத்துல, இங்க காஞ்ச சருகப் போட்டு மூடிட்டுப் போயிருக்காக. வண்டியத் திருப்புங்க."

"கேம்ப் தண்ணிப்பா இது. கபீல் என்னைய ஊருக்கு அனுப்பிருவாரு."

"காடு குடிச்சிருச்சுன்னு சொல்லுங்க. யல்லா, கெளம்புங்க."

வண்டியைத் திருப்பினேன். மரங்களில் தீ சடசடவென்று ஏறிக்கொண்டிருந்தது. அவர் குழாயைப் பிடித்துக்கொண்டு முன்னே ஓட, நான் வால்வைத் திறந்தேன். டேங்க் காலியாவதற்கும் தீ அடங்குவதற்கும் சரியாக இருந்தது. கரி அப்பிய முகத்தோடு இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

நடந்ததைச் சொன்னதும் கேம்ப்பில் கபீல் கேட்டார்: "ஊத்தச் சொன்னவன் பேரென்ன?"

அப்போதுதான் உறைத்தது. "தெரியாது" என்றேன்.

"பேர் தெரியாதவன் சொன்னா ஊத்திருவியா?"

"ஆமா."

கரி அப்பிய என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கலாஸ், முடிஞ்சுது, போய் மறுபடி நிரப்பிட்டு வா" என்றார்.

யாராவது கதவைத் தட்டினாலே பயப்படுகிறவன் நான். எனக்குள் அந்த 'ஆமா'வை அந்த மனிதர் எப்படி வைத்துவிட்டுப் போனார் என்று இன்றும் புரியவில்லை.